உடலுக்கேற்ற உடை: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் உயரம் ஐந்து அடி. மேலுடல் மெலிந்தும், இடுப்பும் தொடையும் பருத்தும் இருக்கும். அடுத்த மாதம் தங்கைக்குத் திருமணம். அகலக் கரை வைத்த காஞ்சிபுரம் பட்டுதான் எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். அப்படிப்பட்ட சேலையைக் கட்டினால் நான் இன்னும் குட்டையாகவும் அகலமாகவும் தெரிகிறேன். என்ன செய்வது? – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். தறியிலிருந்து வரும் சேலையின் அகலம் பெரும்பாலும் 45 முதல் 48 அங்குலம் வரை இருக்கும். கட்டுபவரின் உயரத்துக்கேற்ப அது மாறுவதில்லை. ஐந்து அடி உயரமுள்ளவருக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்திலிருந்து தரை வரை, செருப்பின் உயரத்தையும் சேர்த்தால்கூட, ஏறத்தாழ 36 முதல் 38 அங்குலம்தான் வரும். எஞ்சிய பத்து அங்குலத் துணி பாவாடைக்குள் செருகப்பட்டு, ஏற்கெனவே அகலமாக உள்ள இடுப்பைச் சுற்றி இன்னொரு அடுக்காகச் சேர்ந்துவிடுகிறது. இரு பக்கமும் பெரிய கரை உள்ள பட்டாக இருந்தால், உள்ளே போவது ஜரிகை நெய்த கனத்த பகுதி என்பதால் அந்தத் தடிப்பு இன்னும் கூடும். கடைக்கண்ணாடியின் முன் நீங்கள் பார்த்து வருந்திய அகலத்தில் பாதி இந்தத் துணியால் வந்தது என்பதை நம்புங்கள்.

எனவே கீழே மட்டும் பெரிய கரையும் மேலே சிறு கரையும் உள்ள சேலையைக் கேளுங்கள். அத்தகைய பட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. கரையின் அகலத்தைப் போலவே அதன் நிறமும் முக்கியம். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை அதற்கு நேர்மாறான நிறமுமாக இருந்தால், முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஓடும் அந்தப் பட்டை உங்கள் உயரத்தை இரண்டாக வெட்டிக் காட்டும். உடலும் கரையும் ஒரே நிறமாக இருந்து ஜரிகை மட்டும் பளிச்சிடும் சேலையில், கரை அகலமாக இருந்தாலும் அந்த வெட்டு தெரியாது. அம்மாவின் விருப்பமும் நிறைவேறும்.

கட்டும் விதத்தில்தான் மீதி இருக்கிறது. சுருக்கம் வைத்த நாடாப் பாவாடையைத் தவிர்த்து, ஆறு துண்டுகளாக வெட்டித் தைத்த பாவாடையை அணியுங்கள். அது இடுப்பில் ஒட்டி நின்று கீழே விரியும். இப்போது பரவலாகக் கிடைக்கும், உடலோடு இறுக்கமாக ஒட்டி நிற்கும் ஷேப்வேர் பாவாடையும் நல்லதுதான், ஆனால் மண்டபப் படிகளில் ஏறி இறங்குவதற்குப் பக்கவாட்டில் திறப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அன்று அணியப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகே சேலை கட்டத் தொடங்க வேண்டும். கொசுவம் ஐந்தாறு மடிப்புகள் போதும். அங்கே மிச்சமாகும் துணியை முந்தானையின் நீளத்துக்குக் கொடுத்து, அது பின்னால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தொங்கும்படி விடுங்கள். முந்தானையை மடிப்பெடுத்துத் தோளில் குத்தினால், வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்குச் சாய்வாக ஏறும் கரை கண்ணை மேல்நோக்கி அழைத்துச் செல்லும். ரவிக்கையில் பஃப் கை, கைவேலை, அகலக் கழுத்து எனத் தாராளமாக இருக்கலாம். உங்கள் மெலிந்த தோள்கள் அவற்றை அழகாகத் தாங்கும்.

கேள்வி: எனக்கு மார்பும் தோளும் பெரியவை, இடுப்பு சிறியது. எந்தத் தையற்காரரிடம் தைத்தாலும் ரவிக்கை முன்னால் கொக்கிக்குக் கொக்கி இடைவெளி விடுகிறது. தளர்த்தித் தைத்தால் தோளில் நழுவுகிறது. – ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் தையற்காரரிடம் அளவுக்காகக் கொடுப்பது ஒரு பழைய ரவிக்கையாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். நம்மில் மிகப் பலர் அதைத்தான் செய்கிறோம். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்த பிழை, அந்த அளவு ரவிக்கை வழியாக ஒவ்வொரு புதுத் துணிக்கும் கடத்தப்படுகிறது. இந்த முறை வெறுங்கையுடன் சென்று, சேலைக்குள் வழக்கமாக அணியும் உள்ளாடையுடன் நின்று, புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். மார்பின் முழுச் சுற்றளவு, மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு, தோளிலிருந்து மார்பு முனை வரையிலான நீளம், இரு முனைகளுக்கு இடையிலான தூரம் ஆகிய நான்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையே வேறுபாடு அதிகமாக இருக்கும் உடலுக்குச் துணியை மடித்துத் தைக்கும் சாதாரண டக் பிடித்த ரவிக்கை பொருந்தவே பொருந்தாது. மார்பின் வளைவைத் தனித் துண்டாக வெட்டி இணைக்கும் கட்டோரி கட் அல்லது மார்பு முனை வழியாக இடுப்பு வரை தையல் இறங்கும் பிரின்சஸ் கட் தைக்கச் சொன்னால், மார்புக்கு வேண்டிய இடம் மார்பிலேயே கிடைக்கும். தோளும் முதுகும் உடலோடு ஒட்டி நிற்கும்.

கை எங்கே முடிகிறதோ அங்கே கண் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். மார்பின் உயரத்திலேயே முடியும் குட்டைக் கை அந்த அகலத்தை இன்னும் நீட்டிக் காட்டும். முழங்கை வரை வரும் கை உங்களுக்குப் பொருந்தும். தோளுக்குத் தோள் அகலமாக ஓடும் போட் நெக், காலர், பஃப் கை மூன்றும் வேண்டாம். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். பக்கத் தையலின் உள்ளே ஓர் அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சேலையில் கனத்த கரையோ பார்டர் வேலையோ கீழ்ப்பகுதியில் இருந்தால், மேலுடலுக்கும் கீழுடலுக்கும் ஒரு சமநிலை கிடைக்கும்.

கேள்வி: நான் மிகவும் ஒல்லி. சேலை கட்டினால் கொடியில் துணி காயப்போட்டதுபோல் இருப்பதாகத் தோழிகள் சொல்கிறார்கள். – கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற துணிகள் உடலோடு ஒட்டி வழியும், அவை உங்களுக்கு உதவா. உங்கள் ஊரின் கோரா காட்டன், கஞ்சி போட்ட செட்டிநாட்டுப் பருத்தி, ஆர்கன்சா ஆகியவை உடலை விட்டு விலகி நின்று தாமே ஒரு வடிவம் தரும். கட்டங்களும் பெரிய பூக்களும் அகலக் கரையும் உங்களைப் போன்றவர்களுக்கு மிக அழகாக இருக்கும். முந்தானையை மடிப்பெடுக்காமல் ஒற்றையாகக் கையில் விடலாம். பேட் வைத்த ரவிக்கை உங்களுக்கே பிடித்தால் மட்டும் தையுங்கள், தோழிகளுக்காக வேண்டாம்.

கேள்வி: குறுக்குக் கோடு போட்ட உடை அணிந்தால் பருமனாகத் தெரியும் என்பது உண்மையா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: இது பலரும் ஆராயாமல் திரும்பச் சொல்லும் கருத்து. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்வையியல் பற்றிய தம் நூலில் 1867ஆம் ஆண்டிலேயே, குறுக்குக் கோடுகள் நிரப்பிய சதுரம் அதே அளவுள்ள நெடுங்கோட்டுச் சதுரத்தைவிட உயரமாகத் தெரிகிறது என்பதைக் காட்டி, பெண்களின் உடையிலும் அப்படியே என்று குறிப்பிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்சன் பெண்ணுருவங்களின் படங்களைக் கொண்டு செய்த சோதனைகளும் குறுக்குக் கோடு பருமனைக் கூட்டுவதாகக் காட்டவில்லை. ஆனால் அந்தச் சதுரத்தில் இருப்பவை ஒரே சீராக அடுக்கிய பல கோடுகள். திருநெல்வேலி வாசகிக்கு நான் சொன்ன, மாறுபட்ட நிறத்தில் ஒற்றையாக ஓடும் அகலப் பட்டையின் கதை வேறு. நெருக்கமான மெல்லிய குறுக்குக் கோடுகளை எவரும் அச்சமின்றி அணியலாம்.

கேள்வி: குழந்தை பிறந்து ஒன்றரை ஆண்டாகிறது. கை, கால் ஒல்லி, வயிறு மட்டும் பெரிது. ஒரு கடையில் எல் அளவு சரியாக இருக்கிறது, இன்னொன்றில் டபுள் எக்ஸ்எல்கூட வயிற்றில் பிடிக்கிறது. வேலைக்குச் செல்லச் சுடிதார் எப்படித் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் அட்டவணைப்படி வைத்துக்கொள்கிறது. இந்திய உடல்களுக்கென்று பொது அட்டவணை இல்லாத குறையைத் தீர்க்கத்தான் நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை எடுத்துக்கொண்டது. கடைக்குக் கடை மாறும் அந்த எழுத்தைப் பார்த்து உங்கள் உடலை நொந்துகொள்ளாதீர்கள், தயவுசெய்து. மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் அங்குலத்தில் அளந்து கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டு, சட்டையில் ஒட்டிய சீட்டை விட்டுவிட்டு அதன் உண்மையான அளவைப் பாருங்கள்.

வயிற்றுக்காகப் பெரிய அளவு வாங்கும்போது தோள் தையல் கைக்கு இறங்கிவிடுகிறது; உடல் முழுவதும் பெரிதாகத் தெரிவதற்கு அதுவே காரணம். மார்புக்குக் கீழே தையல் வைத்து அங்கிருந்து விரியும் எம்பயர் கட் அல்லது கீழ்நோக்கிச் சீராக விரியும் ஏ லைன் குர்தா எடுத்தால், தோளுக்குச் சரியான அளவிலேயே வயிற்றுக்கு இடம் கிடைக்கும். வயிற்றின் மேல் சுருக்கமோ பெரிய பூ அச்சோ இடுப்புப் பட்டையோ இல்லாமல், கழுத்து ‘வி’ வடிவில் இருக்கட்டும். நேர்வெட்டுக் குர்தாதான் பிடிக்கும் என்றால், பக்கத் திறப்பு வயிற்றின் பருத்த பகுதிக்குக் கீழே தொடங்க வேண்டும். அதற்கு மேலே தொடங்கினால் முன்பாகம் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் கால்கள் மெலிந்தவை என்பதால், முழங்கால் அளவுக் குர்தாவுக்குக் கணுக்கால் வரையிலான ஒடுங்கிய பேன்ட் பொருந்தும். இப்போது வீட்டில் இருக்கும் பெரிய அளவுக் குர்தாக்களைத் தூக்கிப் போடாதீர்கள். கையைப் பிரித்துத் தோளை எலும்பின் முனைக்கு ஏற்றி, மார்பின் பக்கங்களை மட்டும் பிடித்து, வயிற்றுப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடும்படி தையற்காரரிடம் சொல்லுங்கள்.