நானோகுழாயை நிமிர்த்துவது எது?

ஐயா,

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் சென்று முதுகலை இயற்பியல் படிக்கிறேன். பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயு) முறையில் வளர்க்கப்படும் கார்பன் நானோகுழாய்களை, அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களைப் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். 'பிளாஸ்மாவில் அவை இயல்பாகவே நேராக வளர்கின்றன' என்று எழுதியிருக்கிறேன். அசெட்டிலீனையும் அம்மோனியாவையும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்? இந்தக் குழாய்களைக்கொண்டு, பூமியிலிருந்து வடம்வழியே விண்வெளிக்கு ஏறும் விண்வெளி மின்தூக்கி அமைக்க முடியுமா?

மாணவி, கடலூர்

அன்புள்ள மாணவிக்கு,

பேருந்து நெரிசலிலும் இதைப் படிக்கிறீர்கள் என்பது எனக்கு நிறைவளிக்கிறது. அதனால்தான் கண்டிக்கிறேன்: அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். காரணம் கேட்க வேண்டிய இடத்தில் 'இயல்பு' என்று எழுதி நகர்ந்துவிடுவது படிப்பே ஆகாது. மின்தூக்கியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

சிறுவயதில் உங்கள் ஊர்க் கரையோரச் சவுக்குத் தோப்புகளில் நிறைய அலைந்திருக்கிறேன். நெருக்கி நட்டவை கோல்போல உயர்ந்திருக்கும். ஓரத்தில் தனித்து நின்றது காற்றின் போக்கில் சாய்ந்திருக்கும். பிளாஸ்மா இல்லாத வெப்ப முறையில் நானோகுழாய்கள் நிமிர்வதும் இத்தகைய நெருக்கத்தால்தான். அடர்த்தி குறைந்தால் அவை சுருண்டுவிடும். பிளாஸ்மாவிலோ தனித்து முளைத்த குழாயும் நிமிர்ந்து நிற்கிறது. ஏன் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா?

எலக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக இலேசானவை, மிக விரைந்தவை. அவை முந்திச் சென்று சேர்வதால், குழாய்கள் முளைக்கும் தளம் பிளாஸ்மாவைவிட எதிர்மின்னழுத்தம் அடைகிறது, அதையொட்டி உருவாகும் மெல்லிய உறைக்குள் தளத்துக்குச் செங்குத்தாக மின்புலம் நிலைபெறுகிறது. அந்தப் புலத்தின் திசையிலேயே குழாய் வளர்கிறது. 2000-இல் கிறிஸ் பவர், ஓட்டோ சோ முதலிய ஆய்வாளர்கள் வளர்ச்சியின் நடுவே பிளாஸ்மாவை அணைத்தார்கள். குழாயை முளைக்கச் செய்யும் வினையூக்கித் துகள்களும் வாயுக்களும் அப்படியே இருக்க, அதன்பின் வளர்ந்த பகுதி சுருண்டது. வளைந்த ஒளியிழையின் மேல் வளர்த்தபோதும், ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த இடத்து மேற்பரப்புக்குச் செங்குத்தாகவே குழாய்கள் எழுந்தன. உங்கள் உரையை இந்தச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். 1998-இல் ரென் என்ற ஆய்வாளரின் குழுவினர் 666 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, நிக்கல் பூசிய கண்ணாடியில் வளர்த்த வரிசைகளை அதன்பின் காட்டலாம்.

விகிதம் கருவிக்குக் கருவி மாறும். என்னிடமிருந்து எண்ணை வாங்கி மனப்பாடம் செய்யாதீர்கள். அசெட்டிலீன் கார்பனைத் தருகிறது, அம்மோனியா வேண்டாத கார்பன் படிவை அரித்து நீக்குகிறது. முன்னது மிகுந்தால் வினையூக்கித் துகள் கரிப்படிவில் மூடுண்டு வளர்ச்சி நின்றுவிடும். பின்னது மிகுந்தால் படிவதைவிட அரிப்பு மேலோங்கும். உங்கள் ஆய்வகக் கருவியில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையை நீங்களே அளந்து எழுதுங்கள்.