கோட்டிங் உண்டா என்று கேட்டால் போதாது: கேள்வி-பதில்

கே: சாயப்பட்டறைக்கு டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்கினோம். ‘கோட்டிங் செய்த கார்டு’, அதாவது பாதுகாப்புப் படலம் பூசிய சர்க்யூட் போர்டு, என்று கூடுதலாக வசூலித்தார்கள். எட்டே மாதத்தில் கார்டு போய்விட்டது. ‘உங்கள் இடத்துக் காற்று சரியில்லை’ என்கிறார் விற்றவர்.
– திருப்பூர் வாசகர்

ப: அந்தக் காற்றுக்காகத்தானே கூடுதல் பணம் கொடுத்தீர்கள்! சல்பர் கறுப்புச் சாயம் ஓட்டும் பட்டறையில் சோடியம் சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது கார்டில் உள்ள சிப் ரெசிஸ்டர்களின் (பொடி மின்தடைகள்) முனையில் உள்ள வெள்ளியைக் கருக்கி இணைப்பையே அறுத்துவிடும். எல்லா ரகக் கோட்டிங்கும் இதைத் தடுக்காது. சிலிக்கோன் கோட்டிங் வெப்பம் தாங்கும்; ஆனால் கந்தக வாயு அதனூடே புகுந்துவிடும்.

கோட்டிங் உண்மையில் இருக்கிறதா என்று அறிய, கார்டை இருட்டில் 365 நானோமீட்டர் யூவி (புற ஊதா) டார்ச்சில் பாருங்கள். பெரும்பாலான கோட்டிங்குகள் நீலமாக ஒளிரும். ஒளிராத ரகங்களும் உண்டு என்பதால், எந்தக் கோட்டிங் என்று எழுத்தில் கேட்டபின் முடிவுக்கு வாருங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனில் ‘கோட்டிங் உண்டு’ என்று இரண்டே சொல் போடும் வழக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன ரகம், எத்தனை மைக்ரான், இருபக்கமுமா, அரிக்கும் வாயுவை எவ்வளவு தாங்கும் என்பதில் ஐஇசி 60721-3-3 சர்வதேசத் தரத்தின் 2002 பதிப்புப்படி 3சி2 வகுப்பா 3சி3 வகுப்பா? ஹைட்ரஜன் சல்பைடின் சராசரி அளவு 3சி2-வில் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம், 3சி3-யில் 3. முப்பது மடங்கு வித்தியாசம்! இதை எழுதித்தராத கடையில் வாங்காதீர்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்கு வாங்கியதை ஏற்காது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. நீங்கள் அந்த வகை என்றால் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுங்கள்.

கே: கோட்டிங்குக்குப் பதிலாகக் குளியலறை இடுக்கு அடைக்கும் சிலிக்கோனைக் கார்டில் தடவலாமா? விலை குறைவு.

ப: கூடாது. புளித்த காடி வாடை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும்.

கே: உப்பளத்துப் பம்ப் கார்டுக்கு நாங்களே அக்ரிலிக் ஸ்ப்ரே அடித்தோம். வெள்ளைப் படலம், அடியில் பச்சை. ஸ்ப்ரே போலியா?
– தூத்துக்குடி வாசகர்

ப: கழுவினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. எந்தக் கோட்டிங்கும் நீராவியை முழுதாக நிறுத்தாது. அடியில் மாட்டிய உப்பும் ஃப்ளக்ஸும் (சால்டரிங் பசையின் மிச்சம்) அந்த ஈரத்தை இழுத்துச் செம்பைப் பச்சையாக்கும். வெள்ளைப் படலம், ஈரக்காற்றில் அடித்ததால். பாவம், டின்னைக் குறைசொல்லாதீர்கள்.

முதலில் அயனி நீக்கிய நீரில் உப்பைக் கழுவி, 99 சதவீத ஐபிஏவும் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) பிரஷ்ஷும் கொண்டு ஃப்ளக்ஸை எடுங்கள். 60 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் உலர்த்துங்கள். கனெக்டர், ரிலே, பொட்டென்ஷியோமீட்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் கேப்டன் (Kapton) எனும் வெப்பம் தாங்கும் டேப்பால் மூடுங்கள். 20–30 சென்டிமீட்டர் தள்ளி, திசை மாற்றி மாற்றி, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. காய்ந்தபின் 30 முதல் 130 மைக்ரான் இருக்கவேண்டும். தடித்தால் உள்ளே குமிழி, பிறகு விரிசல். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். தள்ளுபடியில் வாங்கிய டின் ஒன்று என் அலமாரியில் வாய் அடைத்துக் கிடக்கிறது.

கே: அக்ரிலிக்கா, யூரித்தேனா?

ப: பழுது பார்ப்பீர்கள் என்றால் அக்ரிலிக், தின்னரில் கரையும். டீசல், கரைப்பான் தெறிக்கும் இடம் என்றால் யூரித்தேன். ஆனால் அதன்மேல் சால்டரிங் வைத்தால் ஐசோசயனேட் புகை வரும். புகை உறிஞ்சி இல்லாமல் தொடாதீர்கள்.