நாடி பார்ப்பதிலேயே நேரம் போகிறது: சிபிஆர் பயிற்சியில் எதை மாற்றுவது?

மணிக்கட்டு நாடியை இந்த சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி) பயிற்சியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பொம்மையில் பழகும்போதுகூட, உங்களிடம் பயிலும் நாடி வைத்தியர்கள் அரை நிமிடம் நாடி பிடித்துவிட்டுத்தான் நெஞ்சை அழுத்தத் தொடங்குகிறார்கள் என்கிறீர்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது இயல்பாக இல்லை என்றால் அதுவே போதும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் செய்து, அழுத்தத் தொடங்க வேண்டியதுதான். மூச்சைப் பார்க்க 10 வினாடிக்கு மேல் கூடாது.

காரணம் அலட்சியமல்ல, கைப்பழக்கம். வாத, பித்த, கபம் பிரித்தறியப் பழகிய மூன்று விரல்கள், துடிப்பு கிடைக்கும்வரை இடம் மாற்றித் தேடிக்கொண்டே இருக்கும். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் மணிக்கட்டில் எதுவும் தட்டுப்படாது. அதைவிட ஆபத்து, தன் விரல் நுனித் துடிப்பையே நோயாளியின் நாடி என்று நம்பிவிடுவது.

ஒன்று செய்து பாருங்கள்:

1. ஒரு கை நெற்றியில், மறு கையின் இரு விரல்கள் முகவாயில். தலையைச் சாய்த்து, கன்னத்தை மூக்கருகே கொண்டுபோய், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் மணிக்கட்டுக்குப் போகாது.

2. ஸ்டாப்வாட்ச்சில் முதல் அழுத்தம் வரையான நேரத்தைக் குறியுங்கள். பிறகு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

ஒரு எச்சரிக்கை: இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் விட்டுவிட்டு வாயைத் திறந்து திணறுவார்கள். அது மூச்சல்ல, நீங்களே நடித்துக் காட்டுங்கள். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் அழுத்தம் மட்டும் போதாது, வாய்வழி மூச்சும் தேவை. அதற்குத் தனி வகுப்பு வையுங்கள்.