கோணல் பற்களைச் சீராக்குவது உடல்நலத்துக்காகவா?

நாமக்கல் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் 13 வயது மகளுக்குப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்துள்ளன. இப்போதே சீராக்காவிட்டால் ஈறு நோய், தலைவலி, பின்னாளில் இதயக் கோளாறுகூட வரும் என்றும், அன்றே முன்பணம் கட்டினால் அலைனருக்கு (பற்களை நகர்த்த அணியும், கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறை) தள்ளுபடி என்றும் ஒரு கிளினிக்கில் கூறினார்கள். 8 வயது மகனுக்கு மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உட்பக்கமாகக் கடிக்கிறது. அதற்குப் பால்பற்கள் எல்லாம் விழும்வரை பொறுக்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

அம்மா, அவசரப்படுத்த வேண்டாத பிள்ளைக்கு அவசரத்தையும், காத்திருக்கக் கூடாத பிள்ளைக்குப் பொறுமையையும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நெருக்கமான பற்களால் இதயம் கெடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிரஷ் நுழையாத இடுக்குகளில் அழுக்குப் படிந்து, காரையாக இறுகி, ஈறில் இரத்தம் கசியலாம் என்பது மட்டுமே உண்மை. ஆனால், கோணல் பற்களை அக்கறையோடு துலக்கும் பிள்ளையின் ஈறு, நேரான பற்களைத் துலக்காமல் விடும் பிள்ளையின் ஈறைவிட நன்றாகவே இருக்கும். மேல் பற்கள் மிகவும் முன்தள்ளி, விழுந்தால் உடையும் நிலையில் இருந்தாலோ, கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்தினாலோ, இவை போன்ற வேறு நிலைகளிலோதான் சீராக்குவதன் பலன் அழகைத் தாண்டிச் செல்கிறது. மகளுக்கு அப்படி இல்லையென்றால், சில மாதங்கள் யோசித்து முடிவெடுப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. கிளிப் போடுவதற்கு முன் சொத்தையை அடைத்துக் காரையை நீக்கியாக வேண்டும். சரியாகத் துலக்காத வாயில் கிளிப் போட்டால், அதைக் கழற்றும்போது பற்களில் வெள்ளைத் திட்டுகள்தான் மிஞ்சும்.

மகனின் நிலை வேறு. பால்பற்கள் விழட்டும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியான அறிவுரைதான். முன்பல் உள்ளே கடிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது. வாய் மூடும் ஒவ்வொரு முறையும் மேல்பல் கீழ்ப்பல்லை வெளியே தள்ளுவதால் அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு கீழிறங்கலாம், பல் ஆட்டம் காணலாம், விளிம்பும் தேயலாம். இறங்கிய ஈறு முழுவதும் பழைய இடத்துக்குத் திரும்பும் என்ற உறுதி இல்லை. பல் மட்டுமே தவறிய இடத்தில் இருந்தால், கழற்றி மாட்டக்கூடிய ஸ்பிரிங் வைத்த சிறிய பிளேட்டே பெரும்பாலும் போதும். சில மாதங்களில் சரியாகிவிடும். கீழ்த்தாடையே முன்னால் வளர்கிறதென்றால், குறிப்பாகக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த அமைப்பு இருந்தால், சிகிச்சை நீளும். எந்த வகை என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே மகனை முதலில் அழைத்துச் செல்லுங்கள்.

யாரிடம் செல்வது என்பதில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். விலை பேசுகிறவர் பல நேரங்களில் மருத்துவரே அல்ல, இலக்கு வைத்து விற்கும் ஊழியர். ஆர்த்தோடான்டிக்ஸ் எனும் பல் சீரமைப்புப் பிரிவில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்தவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். எக்ஸ்ரே பார்க்காமல் திட்டம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பல் எடுக்க வேண்டுமா, எத்தனை மாதம், முடிந்தபின் அணியும் ரிட்டெய்னரும் கட்டணத்தில் அடங்குமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ரிட்டெய்னரைக் கைவிட்டால் பற்கள் மீண்டும் நகரும். அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும் என்பதால், பள்ளி செல்லும் பிள்ளைக்குக் கம்பி கிளிப்பே நம்பகமானது.

மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். கிளினிக் மூடினாலும் கடன் நிற்காது. வீட்டுக்கே அலைனர் அனுப்பிய அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடியபோது, சிகிச்சை பாதியில் நின்றவர்களிடமும் தவணையைத் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள்.

சீராக்குவது முழுவதையும் அழகு சிகிச்சை என்று ஒதுக்கும் நம் முறைமீது எனக்குப் பொறுமை இல்லை. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதற்குப் பணம் தருவதில்லை. உங்கள் மகனைப் போன்றவர்களும் அதே பட்டியலில் தள்ளப்படுகிறார்கள். பள்ளிப் பரிசோதனையில் வாயைத் திறக்கச் சொல்வதோடு பற்களை ஒருமுறை கடிக்கவும் சொன்னால் போதும், இக்குறை கண்ணுக்குத் தெரிந்துவிடும். சென்னையிலும் சிதம்பரத்திலும் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு மாதந்தோறும் சென்று வருவது உங்களுக்குச் சிரமம். உங்கள் மாவட்டத்திலேயே திருச்செங்கோட்டில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு, பேராசிரியரின் மேற்பார்வையும் இருக்கும்.

முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளியுங்கள்.