வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் பழைய வீட்டைத் தைரியமாக வாங்கலாமா?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தவரை இதுதான்: கடலூரில், இறந்துபோன ஒருவர் பெயரில் உள்ள வீட்டை அவர் மனைவியும் மகன்களும் விற்கிறார்கள். 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டீர்கள், ஒன்றும் இல்லை. பட்டாவும் இருக்கிறது. இது போதாதா, வக்கீலிடம் வேறு போக வேண்டுமா?

போதாது. ஏறக்குறைய இதே நிலையில்தான் 2019-இல் நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய வீடு வாங்கினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல், அவ்வளவுதான். ஒருவர் இறந்தது அதில் ஏறாது. அவருக்கு யார் யார் வாரிசு என்பது ஏறாது. பதிவு செய்யாத உயிலும் ஏறாது. பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அதை மட்டும் வைத்து உரிமையை நிலைநாட்ட முடியாது. பத்திரம் பதிவாகிவிட்டாலே எல்லாம் உறுதி என்றும் நினைக்காதீர்கள். விற்பவருக்கு இல்லாத உரிமை பத்திரத்தால் உங்களுக்கு வந்துவிடாது.

நான் வீடு பார்க்கப் போன அன்று கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒரு பாட்டி முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். "எங்க ஆயா" என்றார்கள். வணக்கம் சொல்லிவிட்டு மாடியைப் பார்க்கப் போய்விட்டேன். இறந்தவரின் மனைவி, இரண்டு மகன்கள், புதுச்சேரியில் கட்டிக்கொடுத்த மகள், இந்த நாலு பேரும் கையெழுத்துப் போடத் தயார். மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுபவரிடம் போனால், அவர் பேனாவைத் திறப்பதற்கு முன்பு கேட்ட முதல் கேள்வி: "செத்தவரோட அம்மா இருக்காங்களா?"

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவர்தான் அந்த அம்மா.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. நான் பார்த்த வீட்டில் நாலு பங்கு இல்லை, ஐந்து பங்கு. ஐந்தில் ஒன்று அந்தப் பாட்டியுடையது. அந்தக் குடும்பத்தில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. "ஆயா எங்ககூடதானே இருக்காங்க, தனியா எதுக்குக் கையெழுத்து?" என்றுதான் கேட்டார்கள். பங்கு இருப்பது அவர்களுக்கே தெரியாது.

பாட்டி இல்லாமல் நான் பத்திரம் முடித்து, அதன் பிறகு அவர் காலமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரிந்திருக்கும். அதாவது நான் முகம்கூடப் பார்த்திராத சித்தப்பாவும் அத்தையும் என் வீட்டில் பங்குதாரர்கள்.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஒரு தேதி. வீட்டுக்காரர் இறந்த அன்று அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? அதற்கு முன்பே காலமாகியிருந்தால் அவர் பங்கு என்ற பேச்சே இல்லை. பின்னால் காலமாகியிருந்தால், அவருடைய வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவர்களிடமிருந்து பதிவு செய்த விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது) வேண்டும். வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றில் தாயின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு விட்டுவிடாமல் அக்கம்பக்கத்திலும் நாலு வார்த்தை விசாரியுங்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது தெருவுக்குத் தெரியும்.

மகள் விஷயத்தில் "கல்யாணத்துக்கு நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு" என்பார்கள். அது சட்டத்தில் செல்லாது. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் பிறப்பாலேயே உரிமை என்று 2005 திருத்தம் சொன்னது. அந்த உரிமைக்கு 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது.

வாரிசுகளில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பிள்ளையின் பெயரில் உள்ள பங்கை அம்மாவே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம்.

இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பத்துக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பம் என்றால் பங்குக் கணக்கு வேறு. முறையான உயில் இருந்தாலும் கணக்கு மாறும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கொடுக்கும்போது கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், விற்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் 1 சதவீத வருமான வரியைப் பிடித்து அவரவர் பான் எண்ணில் நீங்கள்தான் கட்ட வேண்டும். மகன்களில் ஒருவர் வெளிநாட்டிலேயே குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு அவருக்குப் பொருந்தாது, பிடித்தம் அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த மகனுடைய பவர் பத்திரத்தை (தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரம்) வைத்து யாராவது கையெழுத்துப் போட்டால், பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பதையும் உறுதி செய்யுங்கள். பொதுவாக அவரோடு அந்தப் பவரும் போய்விடும்.

எல்லை தாண்டிப் பாகூர் பக்கமும் வீடு பார்ப்பதாகச் சொன்னீர்கள். அது புதுச்சேரி, அங்கே முத்திரைத் தீர்வையும் பதிவு அலுவலகமும் தனி. புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பத்து வீடு என்றால் (1881 ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்தவர்களின் வழிவந்தவர்கள்) வாரிசுரிமைக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம். மூலப் பத்திரமே பிரெஞ்சில் இருக்கலாம். அதற்கு உள்ளூர் வக்கீல் இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள்.

எங்கள் பதிவு நாளில் பாட்டியை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். கைரேகை இயந்திரத்தில் அவர் விரல் விழவே இல்லை. காலமெல்லாம் வேலை செய்து ரேகை தேய்ந்துபோயிருந்தது. முந்தானையில் துடைத்துத் துடைத்து நாலாவது முறைதான் ஏற்றது. ஐந்து பேருக்கும் தனித்தனி டி.டி. எடுத்திருந்தேன். அவருடையதைக் கையில் கொடுத்தபோது, "எம் பேருலயா?" என்று இரண்டு முறை கேட்டார்.

வக்கீலிடம் கட்டாயம் போங்கள். மூலப் பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்று இவற்றோடு, வீட்டுக்காரரின் இறப்புச் சான்றும், அவருடைய தாய் காலமாகியிருந்தால் அவருடைய இறப்புச் சான்றும் கையில் இருக்கட்டும். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.