ஜெப வேளையில் படமெடுக்கலாமா?

கேள்வி: தென் கொரியாவின் சுவோன் நகரில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். நான் செல்லும் தேவாலயத்தில் பழக்கமான கொரிய நண்பருக்கும், அதே சபையைச் சேர்ந்த பெண்ணுக்கும் ஏப்ரல் முதல் வாரத்தில் திருமணம். ஆடம்பரம் வேண்டாம், ஆராதனையே முதன்மையாக இருக்கட்டும் என்று விரும்பும் அவர்கள், படமெடுக்கும் பொறுப்பை என்னிடம் அன்போடு ஒப்படைத்திருக்கிறார்கள். ஊரில் பல கிறிஸ்தவத் திருமணங்களை எடுத்திருக்கிறேன். கொரியத் திருமணம் இதுவே முதல் முறை. எவற்றைத் தவறவிடக் கூடாது? ஜெப வேளையில் படமெடுப்பது முறையா?
– வாசகர், சுவோன்

பதில்: முதலில் போதகரைச் சந்தித்து, ஆராதனை நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். எங்கே நிற்கலாம், பீடத்தின் படிகளில் ஏறலாமா, ஃபிளாஷ் கூடுமா என்பவற்றை அவரே முடிவு செய்யட்டும். பாடல், ஜெபம், வேதவாசிப்பு, பிரசங்கம், உறுதிமொழி, ஆசீர்வாதம் ஆகியவை நீங்கள் அறிந்தவையே. கொரியாவுக்கே உரிய சில நிகழ்வுகள் இவற்றின் இடையே வரும்; உங்கள் ஆயத்தம் முழுவதும் அவற்றுக்காகவே இருக்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது, இரு தாய்மாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவது. மணமகள் தனி அறையில் அமர்ந்திருக்க, விருந்தினர் ஒவ்வொருவராக வந்து அவளுடன் படமெடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த அறையிலேயே நின்றுவிடுகிறவர்கள் தாய்மாரின் வருகையைக் கோட்டைவிடுகிறார்கள். கொரியரின் மரபுடையான ஹான்போக் அணிந்து இருவரும் நடைபாதையில் சேர்ந்து வருவார்கள். பெரும்பாலும் மணமகன் தாயின் உடை நீலச் சாயலிலும், மணமகள் தாயின் உடை இளஞ்சிவப்புச் சாயலிலும் இருக்கும். மெழுகுவர்த்திகளும் அவ்வாறே நீலமும் சிவப்புமாக அமையும். பீடத்திற்குப் பக்கவாட்டில் முன்கூட்டியே நின்றுகொண்டு, திரியை நோக்கி நீளும் கையையும், அகன்ற சட்டைக்கை சுடரில் படாமல் அதைத் தாங்கிப் பிடிக்கும் மற்றொரு கையையும் நெருங்கி எடுங்கள். ஏற்றி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் நோக்கித் தலைவணங்குவார்கள். இரண்டு குடும்பங்கள் உறவாகும் அந்தக் கணத்துக்கு ஈடான படம் அன்று முழுவதும் வேறு கிடைக்காது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது, மணமக்கள் பெற்றோரை வணங்குவது. இடுப்பு வளைய ஆழ்ந்து குனியும் மணமக்களின் முகம் உங்களுக்குத் தெரியாது. எனவே அவர்களுக்குப் பின்னே, சற்று ஓரமாக நின்று, பெற்றோரின் முகத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். மணமகன் நிமிர்ந்த பிறகு தாயைத் தழுவிக்கொண்டால், அதையும் அதே இடத்திலிருந்து எடுத்துவிடலாம்.

ஜெபத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. சபையார் கண்மூடித் தலைகுனிந்திருக்கும்போது முன்பக்கம் நடமாடாதீர்கள். ஜெபம் தொடங்குமுன் ஆலயத்தின் பின்பகுதிக்குச் சென்று, அங்கிருந்து ஓரிரு படங்கள் மட்டும் எடுத்துவிட்டு, நீங்களும் தலைகுனிந்து நில்லுங்கள். போதகர் இரு கைகளையும் உயர்த்தி ஆசீர்வதிக்கும் காட்சி பின்னாலிருந்து எடுத்தால்தான் முழுமை பெறும். குனிந்த தலைகள், நடுவே மணமக்கள், அவர்களுக்கு மேலே அந்தக் கைகள் என எல்லாமே ஒரே சட்டகத்தில் அமையும். 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமக்கு மதம் ஏதும் இல்லை என்றே பதிந்திருக்கிறார்கள். ஆகவே விருந்தினர் பலருக்கு இந்த ஆராதனை புதிதாக இருக்கலாம். அவர்கள் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களைக் குறையாகக் காட்டும்படி எடுக்க வேண்டாம்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால், எல்.இ.டி. விளக்கொளியில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழக்கூடும். மின்சாரத்தின் அதிர்வுக்கேற்ப விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குவதே காரணம்; ஷட்டர் வேகத்தை அந்த அதிர்வோடு பொருத்தினால் பட்டைகள் குறையும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 1/50, 1/100 என்ற வேகங்கள் உங்கள் கைக்குப் பழகியிருக்கும். கொரியாவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60, 1/125 என்று வைத்துப் பாருங்கள். பாடல் வரிகளைக் காட்டும் பெரிய எல்.இ.டி. திரை பீடத்தின் பின்னே இருந்தால், அது இந்தக் கணக்குக்குள் அடங்காது. முதல் நாளே சென்று அதை ஒளிரவிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செர்ரி மலர்களின் நடுவே சில படங்கள் வேண்டும் என்று மணமகள் விரும்புகிறார். திருமண நாளில் பூ இருக்குமா என்பதே கவலையாக உள்ளது.

பதில்: சுவோன், சோல் பகுதிகளில் பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் தொடக்கத்தில் மரங்கள் பூத்துக் குலுங்கும், ஒரு வாரம் தாங்கினாலே பெரிது, நடுவில் மழை வந்தால் அதுவும் இல்லை. எனவே மலர்ப் படங்களைத் திருமண நாளோடு பிணைக்காதீர்கள். பூத்த செய்தி கிடைத்ததும், ஒரு வார நாளின் காலையில் இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரிலேயே 1796இல் கட்டி முடிக்கப்பட்ட ஹ்வாசோங் கோட்டையும், அது தழுவி நிற்கும் பல்தல் குன்றின் செர்ரி மரங்களும் இருக்கின்றன. கருஞ்சாம்பல் நிறக் கல்மதிலுக்கு முன்னே வெளிர் மலர்கள் மிகத் தெளிவாகத் தெரியும்.

வெண்ணிற உடையும் வெளிர்ப் பூவும் சேரும்போது, கேமரா தானாக அளக்கும் ஒளி அவற்றை மங்கலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, சற்றுக் கூட்டி வையுங்கள். வசந்தத்தில் கோபி பாலைவனப் பக்கமிருந்து மஞ்சள் தூசி வந்து வானத்தை வெளுக்கச் செய்யும் நாட்களும் உண்டு. அன்று வானத்தைத் தவிர்த்து மரத்தின் கிளைகளையே பின்னணியாக்குங்கள். வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். பூ முற்றிலும் உதிர்ந்துவிட்டாலும், மாதத்தின் நடுப்பகுதிக்குமேல் அடுக்கு இதழ்ச் செர்ரியும், அதையடுத்து அசேலியாவும் பூக்கும்.

கேள்வி: அன்பளிப்பாகப் பணம் தந்தால் வாங்கலாமா? படங்களை இணையத்தில் இடலாமா?

பதில்: உங்கள் விசா எந்தப் பணிக்கு வழங்கப்பட்டதோ அதற்கு வெளியே ஊதியம் பெற, குடிவரவு அலுவலகத்தின் முன் அனுமதி தேவை. ஆகவே இதை நண்பருக்குச் செய்யும் திருமணப் பரிசாகவே வைத்துக்கொள்ளுங்கள். தம் முகம் அனுமதியின்றி வெளியாவதைக் கொரியர்கள் மிகக் கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள். சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. மணமக்களின் ஒப்புதலோடு அவர்கள் படங்களை மட்டும் இடுங்கள். விருந்தினர் முகங்களும், வாசலில் மொய் உறைகள் பெறும் மேசையில் எழுதப்படும் பெயர்களும் குடும்பத்தாரின் ஆல்பத்தோடு நிற்கட்டும்.