வாசகர் கேள்வி – பதில்: கம்ப்யூட்டர் வட்டம் போட்ட எலும்பு

கே: அம்மாவுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. இப்போது முதுகுவலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் இரண்டாவது எலும்பில் கம்ப்யூட்டர் கட்டி என்று வட்டம் போட்டிருக்கிறது. டாக்டரோ, 'ஹீமாஞ்சியோமா, பயமில்லை' என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, திருமங்கலம்

ப: எம்.ஆர்.ஐ.யில் டி-1, டி-2 என்று இரண்டு வகைப் படங்கள் எடுப்பார்கள். டி-1 படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அம்மா வயதில் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம்; டி-1 படத்தில் அது வெளுப்பாகத் தெரியும். புற்றுக்கட்டி அந்தக் கொழுப்பைத் தள்ளிவிட்டு உட்காருவதால், எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்கைவிடவும் கறுப்பாகிவிடும். ஹீமாஞ்சியோமா ரத்தக்குழாய்களும் கொழுப்பும் சேர்ந்த, புற்றில்லாத கட்டி. அது டி-1, டி-2 இரண்டிலும் வெளுப்பு, சி.டி. ஸ்கேன் குறுக்குவெட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வட்டம் போடும் கம்ப்யூட்டர் மென்பொருள் ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று அமைக்கப்படுவதால், எலும்புக்குள் ரத்தநாளம் நுழையும் பள்ளத்தைக்கூடச் சில சமயம் வட்டமிடும். கொழுப்பு குறைந்த ஹீமாஞ்சியோமா டி-1-இல் கறுத்துத் தெரிவதும் உண்டு. அப்படியென்றால், பழைய நோயையும் கருதி, முழு முதுகெலும்பையும் கான்ட்ராஸ்ட் ஊசிமருந்து கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குமுன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கே: ஃபிலிமை செல்போனில் படமெடுத்து அனுப்பினால் மென்பொருள் பார்க்குமா?
– வாசகர், உசிலம்பட்டி

ப: அனுப்பாதீர்கள். ஸ்கேன் கோப்பில் பொதுவாக 4,096 சாம்பல் நிலைகள். போன் படத்தில் 256தான். ஸ்கேன் மெஷினின் அசல் வடிவமான டைகாம் கோப்பாகக் குறுந்தட்டில் கேட்டு வாங்குங்கள். சி.டி. ஸ்கேன் என்றால் 1 மி.மீ. மெல்லிய வெட்டுகள் வேண்டும், 5 மி.மீ. வெட்டில் சிறு கட்டி கரைந்துபோகும். மெல்லிய வெட்டுகளைச் சில சென்டர்களில் சில நாளில் அழித்துவிடுவார்கள், உடனே கேளுங்கள். இன்னொன்று: இடுப்புப் பகுதியின் கடைசி முதுகெலும்பு, அதற்குக் கீழுள்ள திரிக எலும்போடு ஒட்டியிருந்தால் மென்பொருளின் எண்ணிக்கை ஒன்று தவறும். ஆபரேஷனுக்கு முன் மேலிருந்து எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

கே: முதுகெலும்பில் இருப்பது டி.பி.யா, கட்டியா என்று கம்ப்யூட்டர் சொல்லாதா?
– வாசகர், மேலூர்

ப: உறுதியாகச் சொல்லாது. டி.பி. அதிகமில்லாத நாட்டுப் படங்களில் பழகிய மென்பொருள் என்றால் இன்னும் தடுமாறும். டிஸ்க் அரிபட்டிருந்தால் டி.பி. பக்கம் சந்தேகம், டிஸ்க் தப்பி, எலும்பின் பின்பக்கத் தூண் அழிந்திருந்தால் கட்டிப் பக்கம். இரண்டுக்கும் விதிவிலக்கு உண்டு. ஊசி வழியே எடுக்கும் பயாப்ஸிதான் தீர்ப்பு. எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது. ஒரு துண்டை சலைன் எனும் உப்புநீரில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.